ஒயர்லெஸ்காரன் வெளிய போன கத

ராக்கெட்டு கெளம்புத சத்தம் எப்பிடி இருக்கும்னு யாராவது கேட்டா நான் டக்குனு சொல்லிருவேன். குத்தாலத்துல பேரருவிக்கு அடியில தலையக் குடுத்து நிக்கும்போது காதுக்குள்ள ஒரு எரைச்சல் கேக்கும்லா, அதேதான். சும்மா சொல்லல. எங்க வீட்டு ரேடியோவுல கேட்டிருக்கேன். மனுசன் நெசமா சந்திரன்ல கால் வைக்கதுக்கு நாலஞ்சு வருசம் முன்னாலயே, தென்காசியில எங்க தெருப் பொம்பளைய நாங்க செவ்வாய்க்கே போயிட்டோம். ஞாயித்துக்கெழம மத்தியானம், ஏனத்தக் கழுவிக் கமத்திட்டு, வாயில வெத்தலையப் போட்டுக்கிட்டு.

இப்ப நெனச்சாலும் சிரிப்பா வருது. டீவியில ராக்கெட்டு விடுதத காட்டும்போது வீட்டுல எல்லாரும் என்னையப் பாப்பானுவ. நான் சேர இழுத்துப் போட்டு முன்னால போயி உக்காந்துருவேன். கவுண்டிங் சொல்லுவான்லா, பத்து ஒம்பதுன்னு. அதுக்கு நானும் கூடச் சொல்லுவேன். எழுத்துதான் எனக்கு ஆகாது. எண்ணிக்கை ஆகும்.

மொதல்ல ரேடியோ வந்ததச் சொல்லிருதேன். நான் ரெண்டு தடவ கெட்டிக் குடுக்கப்பட்டவ. ரெண்டாவது புளியங்குடியில, எலுமிச்ச யாவாரி வீட்டுல. அங்கனதான் பிள்ளைய பெத்து, பேரன் பேத்தி எடுத்து, இன்னைக்கி வரைக்கும் இருக்கேன். அந்த வீடு பூரா எலுமிச்ச வாடைதான், சட்டியில மீன் வெச்சாலும் எலுமிச்ச மணக்கும். அது கெடக்கட்டும். இது மொத மாப்ள வீட்டுக் கத. அப்ப எனக்குப் பதினேழு வயசு.

அது நெசவுக்காரங்க வீடு. ரெண்டு தறி. கொழுந்தன் நெய்வான். அவன் அம்மா, எங்க மாமி, ராட்டையில நூலத் தாராச் சுத்துவாவ. எங்க மச்சான், அதாவது என் மாப்ள, அவுக நெய்த துண்ட மூட்ட கெட்டி ஊரூராக் கொண்டு போயி போட்டுட்டு வருவாவ. சாரல் சீசன்னா குத்தாலத்துல வெச்சே வித்துரும். குளிச்சிட்டு ஈரத்தோட வாரவன் துண்டு வாங்காம எங்க போவான்? மத்த மாசம் செங்கோட்டையில ரயிலேறி புனலூரு, கொல்லம்னு போயிருவாவ.

அப்பிடி ஒரு தடவ செங்கோட்டையில ஊரக் காலி பண்ணிட்டுப் போன ஒரு மலையாளத்துக்காரர்ட்ட இருந்து வாங்கிட்டு வந்ததுதான் அந்த ரேடியோ. பஸ்ஸுல கீழ வைக்க மனசில்லாம மடியில வெச்சே கொண்டாந்திருக்காவ. வீட்டுக்குள்ள நொழையும்போது மாமி பாத்துட்டு, "என்னலே, தொட்டில் கெட்டணுமா?"ன்னு கேட்டாவ. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் ஆகியும் ஒண்ணும் தங்கல. அந்தக் குத்தல் எனக்குத்தான். மச்சான் என்னைப் பாத்துக் கண்ண அடிச்சிட்டு, "ஆமாம்மா, நல்ல தேக்குல அடிக்கச் சொல்லு"ன்னாவ.

ரேடியோன்னா இப்ப உள்ளது மாதிரி இல்ல. அரிசிப் பொட்டி தண்டி இருக்கும். திருக்குனா ஒடனே பேசாது. சூடேறணும். நடுவுல ஒரு பச்சக் கண்ணு இருக்கும், அது சுருங்கி நின்னாத்தான் பேச்சு தெளியும். மொட்ட மாடியில வல மாதிரி ஒரு கம்பி கெட்டிருக்கும். அதுல காக்கா உக்காந்தா கொரல் கரகரங்கும். அப்ப யாராவது ஏறிப் போயி காக்காயப் பத்திட்டு வரணும். எங்க தெருவுல வேற ரேடியோ கெடையாது. அதனால ஞாயித்துக்கெழம எங்க கூடத்துல பொம்பளைய கூட்டம்.

நாடகம் வாரத்துக்கு ஒரு தடவ. அர மணி நேரம். செவ்வாய்க்குப் போறானுவ மூணு பேரு. ஒரு கேப்டன். அவன் பேசுனா ரேடியோ மேல வெச்சிருக்க டம்ளரு அதிரும். ஒரு டாக்டரம்மா. அப்புறம் ஒயர்லெஸ்காரன். அவன் கொரலு மட்டும் நம்ம ஊருப் பையன் பேசுத மாதிரி இருக்கும். கொஞ்சம் மூக்கடச்ச கொரலு. ஒவ்வொரு வாரமும் கடைசியில அவன்தான் பேசுவான். "பூமியில் இருப்பவர்களே, நாங்கள் நலம். நீங்கள் நலமா?" அதோட மூசிக்கு போட்டு முடிச்சிருவானுவ. எங்க மாமி தார் சுத்துதத நிப்பாட்டி, "நல்லாருக்கோம்யா"ன்னு பதில் சொல்லுவாவ. வாரா வாரம். வீட்டுல இருந்த ஒரு வாரம்கூட விட்டதில்ல.

அடுத்த வீட்டு யக்கா ஒருத்தி வருவா. அவ வீட்டுக்காரரு கோயில் வாசல்ல பூக்கட வெச்சிருந்தாரு. மொத வாரம் எங்க போறானுவன்னு கேட்டுட்டு, செவ்வான்னதும் நெஞ்சுல கைய வெச்சிட்டா. "எம் மவளுக்குச் செவ்வா தோசம்னு மூணு வருசமா மாப்ள திகையல. இவனுவ என்னன்னா வீட்டக் கேட்டுக்கிட்டு நேரா அங்கனயே போறானுவளே!" எதுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு வேற கவல. "ஏட்டி, பூமிய விட்டுப் போயிட்டா எந்தப் பக்கம் பாத்துத் தொழுவானுவ?" மாமி சொன்னாவ, "பூமியப் பாத்துத் தொழுதாப் போதும். கஃபா அதுக்குள்ளதான இருக்கு." பெரியம்மாவுக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சி.

அப்போ மச்சான் பாதி ஞாயிறு ஊர்ல இருக்க மாட்டாவ. ஆனா அவுகளுக்குத்தான் இந்த நாடகத்து மேல உசுரு. அதனால வீட்டுல ஒரு பழக்கம். அவுக இல்லாத வாரம் நான் கேட்டு வெச்சிக்கிடணும். வந்து கைகால் கழுவி சோத்துக்கு முன்னால உக்காந்ததும், "ம், ராக்கெட்டு எங்கன நிக்கி?"ம்பாவ. நான் கேப்டன் மாதிரி, டாக்டரம்மா மாதிரி கொரல மாத்திச் சொல்லுவேன். கதவு தொறக்குத சத்தம்கூட வாயாலயே போடுவேன். அவுக கைச்சோறு காஞ்சி போயிரும்.

எழுதத் தெரியாதவ அர மணி நேரக் கதைய எப்பிடி விட்டுப்போகாம வெச்சிருந்தேன்னு கேப்பிய. புளியங்கொட்டைதான். நாடகம் கேக்கும்போது சும்மா இருக்க மாட்டோம், புளி ஆஞ்சிக்கிட்டு இருப்போம். கதையில ஒரு காரியம் நடந்தா ஒரு கொட்டைய எடுத்து தனியா ஒரு தகரடப்பாவுல போட்டுருவேன். கேப்டன் கோவிச்சானா, ஒரு கொட்ட. எண்ணெ தீந்து போச்சா, ஒரு கொட்ட. மச்சான் வந்ததும் டப்பாவத் தட்டி, ஒவ்வொண்ணா நவுத்திக்கிட்டே சொல்லுவேன். கொட்ட தீந்தா கத தீந்துச்சி. ஒண்ணு மிஞ்சுச்சின்னா எதையோ விட்டுட்டேன்னு அர்த்தம். அவுக விடமாட்டாவ. "எங்கிட்ட ஏமாத்தாத, ஒரு கொட்ட பாக்கி இருக்கு"ம்பாவ. கொஞ்ச நேரத்துல நெனவு வந்துரும். சொல்லிருவேன். ஒரு நாளும் மிஞ்சுனதில்ல.

ஆறாவது வாரம். மச்சான் அதுக்கு மொத நாளு மூட்டையோட புனலூருக்குக் கெளம்புனாவ. பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு காப்பியக்கூடப் பாதியில வெச்சிட்டு, "டப்பா பத்திரம்"னு மட்டும் சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல. இவ்வளவு வருசம் கழிச்சி யோசிச்சிப் பாத்தாலும் அதான் கடைசி.

மாமியும் அந்த ஞாயித்துக்கெழம வீட்டுல இல்ல. அச்சன்புதூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாவ. யக்கா வீட்டுல விசேசம், பெரியம்மாவுக்குக் காச்சல். அன்னைக்கி நான் ஒருத்திதான் கேட்டேன். கேட்டேன்னா என்னா, ரேடியோ மேல சாஞ்சிக்கிட்டுக் கேட்டேன். ஏன்னா அன்னைக்கிதான் ஒயர்லெஸ்காரன் ராக்கெட்ட விட்டு வெளிய போறான். அத நான் இப்பச் சொல்ல மாட்டேன். சொல்லுத எடம் வரும்.

நாடகம் முடிஞ்சிச்சி. டப்பாவ மூடி அலமாரியில வெச்சிட்டு, இத எப்பிடிச் சொல்லப் போறேன், மச்சான் மூஞ்சி எப்பிடிப் போகும்னு ஒரே நெனப்பு. தனியா உக்காந்து சிரிச்சிக்கிட்டேன்.

திங்கக்கெழம தந்தி வந்துச்சி. கொழுந்தன் வாசிச்சான். வாசிச்சிட்டு சட்டையப் போட்டுக்கிட்டு ரயில் ஸ்டேசனுக்குப் போயிட்டான். அவன் புனலூரு போயிச் சேருததுக்குள்ள அந்த ஊருப் பள்ளிவாசல்காரங்க நல்லபடியா எல்லாம் செஞ்சி மச்சான அங்கனயே அடக்கிட்டாவ. எவ்வளவு நேரம் வெச்சிருப்பாவ, பாவம். புதன்கெழம கொழுந்தன் கொடையும், கண்ணாடியும், பாதி மூட்ட துண்டுமா வந்து நின்னான். துண்டு போட்ட கடையில பெஞ்சியில உக்காந்திருக்காவ. தண்ணி கேட்டிருக்காவ. கொண்டாரதுக்குள்ள சுவத்துல சாஞ்சிட்டாவ. எப்பன்னு மாமி கேட்டாவ. "ஞாயித்துக்கெழம மத்தியானம், அசர் தொழுகைக்கு முன்ன"ன்னான்.

அந்த நேரம் எனக்குத் தெரியும். அப்ப நான் ரேடியோ மேல சாஞ்சிருந்தேன். ஒயர்லெஸ்காரனுக்காவ உசுரக் கையில புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. கால் மரத்துப் போனா நம்ம காலே யாரு காலோ மாதிரி இருக்கும்லா. அப்பிடி முழுசா. வெள்ளச்சேல உடுத்தி இத்தா உக்கார வெச்சாவ. தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், மாப்ள மௌத்தாயிட்டா நாலு மாசம் பத்து நாளு வெளிய போகக்கூடாது, அந்நிய ஆம்பளைய மொகத்துல முழிக்கக்கூடாது. கொழுந்தன்கூட உள்ள வரமாட்டான். முத்தத்துல நின்னுதான் பேசுவான். பொம்பளைய வந்து என் கழுத்தக் கெட்டிக்கிட்டு அழுவாவ. ஒருத்தி அழும்போது அவ வாயில புகையில வாடை அடிக்குதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். இன்னொருத்தி சேலையில கஞ்சி கொட்டுன கறை இருந்துச்சி, அத நோக்கிக்கிட்டு இருந்தேன். சோறு தந்தா தின்னேன். உப்பு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான். வயித்துல ஏதாச்சும் தங்கிருக்கான்னு கேட்டாவ. இல்லன்னேன். அதுக்கும் அவங்கதான் அழுதாவ.

ரேடியோவ ஒரு துண்டப் போட்டு மூடிட்டாவ. மௌத்து விழுந்த வீட்டுல பாட்டுக் கேக்கக்கூடாதுலா. நான் இருந்த அறைக்கு நேரா எதுக்கதான் அது இருந்துச்சி. நாள் பூரா அந்தத் துண்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். மச்சான் கொண்டு போன துண்டுல மிச்சம் வந்தது அது.

பத்துப் பன்னெண்டு நாளு நானா வாயத் தொறக்கல. ஒரு நாளு யக்கா வந்து பக்கத்துல உக்காந்தா. கூடத்துல நாலஞ்சி பொம்பளைய இருக்காவ, மாமி இருக்காவ. நான் திடீர்னு கேட்டேன்:

"யக்கா, அந்த ஒயர்லெஸ்காரன் திரும்பி வந்தானா?"

ஒருத்தி இன்னொருத்திய இடிக்கா. "ஏட்டி, புத்தி பெரண்டுட்டுட்டி இதுக்கு"ன்னு ஒருத்தி மெல்லச் சொன்னா. எனக்கும் அது காதுல விழுந்துச்சி. நெசந்தான் போலருக்கு, மாப்ள போயி பதினஞ்சு நாள் ஆகல, இவளுக்கு ராக்கெட்டு கேக்குதுன்னு நானே என்னை நெனச்சேன். வெக்கம்கூட சரியா வரல. யக்கா பாவம், திருதிருன்னு முழிச்சிக்கிட்டு, "எனக்கு எங்க தெரியும், உங்க வீட்டுலதான கேப்பேன்"ன்னா. மாமி ராட்டைய எடுத்துச் சுத்த ஆரம்பிச்சிட்டாவ.

ஆனா அதுலருந்து தெருவுக்கே அந்தக் கேள்வி புடிச்சிக்கிட்டு. எங்க ரேடியோவ மூடுனதுல எல்லாருக்கும் நாடகம் நின்னு போச்சில்லா. பூக்கட அண்ணாச்சி டீக்கடையில கேட்டுட்டு வந்து சொன்னதா யக்கா ஒரு கதையக் கொண்டாந்தா. ஒயர்லெஸ்காரன் செவ்வாயில ஒரு பொண்ணக் கெட்டிக்கிட்டானாம். பெரியம்மா சண்டைக்கு வந்துட்டாவ. "சவத்துப் பய, யாரு ஓதி நிக்காஹ் முடிச்சா?" அடுத்த வாரம் அதே அண்ணாச்சி, அது வேற நாடகம்னு சொல்லிட்டாரு. பொம்பளைய எல்லாரும் என் முன்னாலயே சிரிச்சிட்டு, பொறவு வாயப் பொத்திக்கிட்டாவ. எனக்கு அவங்க சிரிச்சது நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா என் வாய் அசையல.

நாப்பதாம் நாளு வியாழக்கெழம வந்துச்சி. ஓதி, நெய்ச்சோறு ஆக்கி எல்லாருக்கும் குடுத்தாச்சி. அன்னைக்கி யக்கா மாமி காதுல என்னமோ சொன்னா. வார ஞாயித்துக்கெழமயோட நாடகம் முடியுதாம்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் மாமி எந்திரிச்சிப் போயி ரேடியோ மேல கெடந்த துண்ட எடுத்தாவ. முத்தத்துல கொழுந்தன் நின்னான்.

"என்னம்மா செய்யுத?"

"நாப்பது கழிஞ்சிட்டுல்லா."

"நாப்பது கழிஞ்சிட்டு. அவ இத்தாவுல இருக்கா. அந்நிய ஆம்பள கொரலு உள்ள கேக்கலாமா? நாளைக்கி ஊருல ஒண்ணு சொன்னா?"

மாமி சொன்னாவ, "ஏலே, அவனுவ பூமியிலயே இல்ல. செவ்வாய்ல இருக்கானுவ. அவ்வளவு தூரத்துல இருக்கவன் எங்கனலே அந்நிய ஆம்பள?"

"அவன் எங்கன செவ்வாய்ல இருக்கான்? ரேடியோ ஸ்டேசன்ல உக்காந்து பேப்பரப் பாத்து வாசிக்கான்."

"அப்பிடி நீ சொல்லுத. நாங்க அப்பிடிக் கேக்கல."

கொழுந்தன் தலையச் சொறிஞ்சிக்கிட்டு வாசலுக்குப் போயிட்டான். ஆனாலும் மாமிக்கு மனசுக்குள்ள ஒரு இது இருந்திருக்கும் போல. பொட்டியத் தொறந்து நல்ல வெள்ளத் துப்பட்டிய எடுத்து, என் அறை வாசலுக்கும் ரேடியோவுக்கும் நடுவுல கொடியக் கெட்டித் தொங்க விட்டாவ. லெப்ப வந்து ஓதும்போது பொம்பளையளுக்கு முன்னால கெட்டுவோம்லா, அதே மாதிரி. ராக்கெட்டுக்காரனுவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். "இப்பச் சொல்லட்டும் யாரு வேணும்னாலும்"னுட்டு மாமி திருக்குனாவ. அந்தத் துணிக்குப் பொறத்தால பச்சக் கண்ணு மட்டும் மங்கலாத் தெரிஞ்சிச்சி. சினிமாக்காரங்க யாரும் அப்பிடி யோசிச்சிருக்க மாட்டாவ. இன்னைக்கிச் சொன்னா என் பேத்திமாரு விழுந்து விழுந்து சிரிக்காளுவ. நானும் சிரிக்கேன்.

அன்னைக்கி நான் சிரிக்கல. காத மட்டும் அந்தத் துணிகிட்ட கொண்டு போயி வெச்சேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவன் வந்தானா இல்லையா.

ராக்கெட்டு பூமிக்கு வந்துட்டு. அதே அருவி எரைச்சல். கேப்டன் எறங்குதான், டாக்டரம்மா எறங்குதா. கூட்டம் கையத் தட்டுது. பேண்டு வாசிக்கான். ஒரு மந்திரி பேசுதாரு. மால போடுதாவ. டாக்டரம்மா செவ்வாய் மண்ண ஒரு புட்டியில கொண்டாந்திருக்கா, அதப் பத்தி ரொம்ப நேரம் பேசுதா. அந்த மண்ணுல கெழங்கு வெளையுமாம். கேப்டன் பொண்டாட்டி வந்து அழுதா, அவன் சிரிக்கான். மறுபடியும் பேண்டு.

ஒயர்லெஸ்காரனப் பத்தி ஒரு பேச்சு இல்ல. அவன் பேரக்கூட யாரும் எடுக்கல. நடுவுல நாங்க கேக்காத அஞ்சு வாரத்துல ஏதாச்சும் சொல்லிருப்பானுவளோ என்னவோ. யாருக்குத் தெரியும்? கடைசியில மூசிக்கு வந்துட்டு. வழக்கமா அதுக்கு முன்னால, பூமியில் இருப்பவர்களேன்னு வரும். அது வரல. மாமி ராட்டைய நிப்பாட்டி வெச்சிக்கிட்டு இருந்தாவ. வாயத் தொறந்து ரெடியா இருந்தாவ. அப்பிடியே மூடிக்கிட்டாவ.

யக்காவும் பெரியம்மாவும் எந்திரிச்சிப் போயிட்டாவ. மாமி ரேடியோவ அமத்துனாவ. துணிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டுக் கேட்டாவ.

"அந்த மூக்கடச்ச பய எங்கட்டி?"

"தெரியல மாமி."

"ராக்கெட்டுல மூணு பேர்தான போனானுவ?"

"அவன் வெளிய போயிட்டான் மாமி. ஆறாவது வாரம். நீங்க அச்சன்புதூருக்குப் போயிருந்திய."

மாமி துணிய வெலக்கிட்டு உள்ள வந்தாவ. என் முன்னால கால நீட்டி உக்காந்தாவ. பொறவு கேட்டாவ, "டப்பா வெச்சிருக்கியா?"

இருந்துச்சி. அலமாரியில வெச்ச எடத்துலயே இருந்துச்சி. எடுத்து தரையில தட்டுனேன். எண்ணுனேன். பதினோரு கொட்ட.

"அவன்ட்ட எப்பிடிச் சொல்லுவியோ அப்பிடிச் சொல்லு"ன்னாவ.

ஒரு கொட்டைய நவுத்துனேன். ராக்கெட்டு மேல இருக்க கம்பி ஒடஞ்சிட்டு மாமி, பூமிக்குப் பேச்சு போகல. இன்னொண்ணு. கேப்டன் சொல்லுதான், போனாப் போட்டும், யாரும் வெளிய போகக்கூடாது. கேப்டன் கொரல்ல சொன்னேன். ஒயர்லெஸ்காரன் சொல்லுதான், வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க சார், ஒரு வார்த்த சொல்லாட்டா பயந்துருவாங்க. டாக்டரம்மா அவன் இடுப்புல கயறு கெட்டுதா. கெட்டும்போது, சாப்பிட்டியான்னு கேக்கா. ஆமான்னு பொய் சொல்லுதான். கதவு தொறக்கு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வாயாலயே போட்டேன். அதுக்குப் பொறவு ரேடியோ நின்னுட்டோன்னு நெனச்சேன் மாமி, ஒரு சத்தமும் இல்ல. காக்காதான் உக்காந்துட்டோன்னு மாடியப் பாத்தேன். பாத்தா அவன் வெளிய நின்னு சிரிக்கான். பூமி தெரியுதும்பான், ஒரு நெல்லிக்கா தண்டி இருக்காம். கம்பிய முடிச்சிப் போட்டுட்டான். அப்பத்தான் கல்லு வருது. மழ மாதிரி. கயறு அறுந்துட்டு.

"எத்தன பிரி கயறு?"ன்னு மாமி கேட்டாவ.

"சொல்லல மாமி."

"ஒத்தப்பிரியாத்தான் இருக்கும். வெவரங்கெட்ட சவங்க. சரி, சொல்லு."

அவன் தள்ளிப் போயிக்கிட்டே இருக்கான். கம்பி சரியாயிட்டுல்லா, அதனால கொரலு பூமிக்குக் கேக்கு. நாங்கள் நலம், நீங்கள் நலமாங்கான். மறுபடி அதையே சொல்லுதான். கொரலு நூலு மாதிரி சன்னமாயிக்கிட்டே போவுது. மூசிக்கு வந்துட்டு. அவ்வளவுதான் மாமி.

மாமி மெதுவா, "நல்லாருக்கோம்யா"ன்னாவ. தரையப் பாத்துச் சொன்னாவ.

பாத்தா, தரையில ஒரு கொட்ட பாக்கி இருந்துச்சி.

திரும்ப மொதல்ல இருந்து நவுத்துனேன். கம்பி, கேப்டன், கயறு, சாப்பிட்டியா, கதவு, சிரிப்பு, நெல்லிக்கா, கல்லு, கயறு அறுந்தது, கொரலு சன்னமானது. பத்துதான் வந்துச்சி. இன்னொரு தடவையும் எண்ணுனேன். பத்துதான். அந்தப் பதினோராவது எதுக்குப் போட்டேன்னு எனக்கு நெனவே இல்ல. அன்னைக்கி ராத்திரியே மச்சான் வந்திருந்தா சொல்லிருப்பேன். நாப்பது நாளு ஆயிட்டுல்லா.

"யோசிச்சிப் பாருட்டி"ன்னாவ மாமி. கெஞ்சுத மாதிரி இருந்துச்சி. அவுக அப்பிடி எங்கிட்டப் பேசுனதே கெடையாது. "கொரலு சன்னமாச்சின்னியே, அப்பந்தான் ஏதாவது சொல்லிருப்பான். வேற ஒண்ணும் சொல்லலியா? போகும்போது ஒண்ணும் சொல்லலியா?"

"நெனவு வரல மாமி."

மாமி அழுதாவ. அவுக அழுது அன்னைக்கித்தான் நான் பாத்தேன். அவுக கைய எடுத்து என் மடியில வெச்சிக்கிட்டேன். எனக்கு அழுகை வரல. வரும்னு பாத்தேன். கைதான் கெனமா இருந்துச்சி. பொறவு ரெண்டு பேருமா அந்தத் துப்பட்டிய அவுத்து மடிச்சி வெச்சோம். அந்த ஒத்தக் கொட்டைய மாமி எடுத்து வெத்தலப் பொட்டியில போட்டுக்கிட்டாவ.

இத்தா முடிஞ்சி ஒரு வருசத்துல எங்க வாப்பா என்னைப் புளியங்குடியில கெட்டிக் குடுத்தாவ. மாமி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாவ. ஒரு டஜன் துண்டு, பூக்கட யக்கா குடுத்து விட்ட மல்லியப்பூ, எல்லாத்தையும் என் மடியில வெச்சிட்டு, ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாவ.

"நெனவு வந்துச்சாட்டி?"

"இல்ல மாமி."

"வரும். வந்தா ஒரு ஆளனுப்பி விடு."

பொறவு எந்த விசேசத்துல என்னைக் கண்டாலும் மொதக் கேள்வி அதுதான். பிள்ளைய எப்பிடி இருக்குன்னு ரெண்டாவதுதான் கேப்பாவ. அவுக மௌத்தாகி முப்பது வருசம் ஆச்சி. ராக்கெட்டுக் கதைய நானும் இந்த வீட்டுல எத்தனையோ தடவ சொல்லிட்டேன், கேப்டன் மாதிரி, டாக்டரம்மா மாதிரி. பிள்ளைய கையத் தட்டுதுவ, எனக்கும் சந்தோசமாத்தான் இருக்கு. ஒவ்வொரு தடவையும் பத்துல நின்னுருது.

நான் இன்னும் ஆளனுப்பல.